கிளாம்ப் போட நின்றவர்

பிப்ரவரி 3, திங்கள்

மரத்தை ஆவியில் வேகவைத்து, வளைத்து, நாற்காலி செய்யும் பத்து நாள் பயிற்சி. இன்று முதல் நாள். எடப்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி சேலம் பட்டறைக்குப் போனேன். சொல்லித்தரும் ஹெலன் என்னைவிடப் பத்து வயது சின்னவள். "பதினாறு வருசம் தறி ஓட்டினவங்களா? அப்ப கை நிதானமா இருக்குங்க்கா" என்றாள். தலையாட்டி வைத்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மல்பெரிச் சட்டம் ஒரு மணி நேரம் வேக வேண்டும். வெளியே எடுத்தால் ஒரே நிமிடம்தான், அதற்குள் வளைத்துவிட வேண்டும். ஒரு முனையை அச்சில் பூட்டிவிட்டு, ஒருவர் மறுமுனையை இழுத்து வளைக்க, இன்னொருவர் குனிந்து கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டே வர வேண்டும். எனக்கு ஜோடி ஆண்ட்ரூஸ். நாமக்கல்லில் லாரி பாடி கட்டியவர், ஐம்பது தாண்டியவர். "நீங்க இழுங்கம்மா, நான் பூட்டறேன்" என்றார். இழுக்கும்போது சட்டம் முனகுகிறது. அந்தச் சத்தம் எனக்கு ஆகவில்லை.

பிப்ரவரி 5

விட்டுட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. நாற்காலியின் கைப்பிடிக்கான சட்டம் பாதி வளைந்திருந்தது. ஆண்ட்ரூஸ் இரண்டாவது கிளாம்பைத் திருகிக்கொண்டிருந்தார். ஆவியில் மங்குகிறது என்று பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். சட்டத்துக்குள் நார் விட்டதுபோல 'டப்' என்று ஒரு சத்தம். என் கை தானாக விட்டது, கால் ஓரடி பின்னால் போனது. சட்டம் விருட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தில் அடித்தது. வலது கண்.

தறியில் சத்தம் மாறினால் கையை எடுத்துக்கொண்டு விலகத்தான் வேண்டும். இல்லையென்றால் ஊடை நூலோடு பாய்கிற நாடா தெறித்து வந்து மூஞ்சியைப் பேத்துவிடும். யோசித்தா செய்தேன்? அய்யோ, அந்த மனுசன் கண்ணப் பொத்திக்கிட்டு "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல"ன்னாரு. விரலுக்கு நடுவுல ரத்தம் வருது, எனக்குச் சமாதானம் சொல்றாரு.

வீக்கம் வடிந்தால்தான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றாராம் டாக்டர்.

பிப்ரவரி 7, வெள்ளி

போகவில்லை. "ஊட்டுலயே இரு, யாரு உன்னையப் போகச் சொன்னா" என்றார் வீட்டுக்காரர். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஹெலனா இருந்தா? கண்ணு போயிருச்சுன்னு சொல்லிட்டா? நான் என்ன பண்ணுவேன்?

பிப்ரவரி 8

போனை அணைத்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வீட்டுக்காரர் போனுக்கு ஹெலன் கூப்பிட்டாள். கண்ணுக்குள் ஒன்றும் ஆகவில்லை. புருவத்தில் நாலு தையல். போனைக் காதில் வைத்தபடியே அழுதேன்.

"நாளைக்கு வாங்கக்கா."

"வேற யாரையாச்சும் இழுக்கச் சொல்லும்மா. என்ற கைய நானே நம்பல."

"உங்ககூடதான் பூட்டுவேங்கறாரு அவரு."

அந்த ஆளுக்கென்ன கிறுக்கா?

பிப்ரவரி 11, செவ்வாய்

போனேன். பஸ்ஸில் இரண்டு முறை பாதியில் இறங்கப் பார்த்தேன்.

ஆண்ட்ரூஸ் புருவத்தில் பிளாஸ்திரி. கண்ணாடியை ஒழுங்காகப் போட்டிருந்தார். அதே இடத்தில் குனிந்தார், சட்டத்துக்கு நேராக முகம். "இழுங்கம்மா."

இழுத்தேன். முதல் கிளாம்ப், இரண்டாவது. 'டப்'. கால் பின்னால் போய்விட்டது. கை போகவில்லை. தோள் இற்று விழுந்துவிடும்போல இருந்தது. "பூட்டுங்க, பூட்டுங்க" என்று கத்தினேன். மூன்றாவது. நான்காவது. "விடலாங்க்கா" என்றாள் ஹெலன். என்னால் விட முடியவில்லை. ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்துவிட்டாள்.

அப்போதுதான் ஆண்ட்ரூஸைப் பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். நாலு கிளாம்பையும் தடவித் தடவியே பூட்டியிருக்கிறார்.

"முடிஞ்சுதுங்களாம்மா?"

"முடிஞ்சுதுங்க" என்றேன். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தார்.

நாளைக்கு இன்னொரு பக்கத்துக் கைப்பிடி. அவர்தான் பூட்டுகிறார்.