விற்பனைக்கு இல்லாத மேஜை

ஜூன் 4

அன்புள்ள கறாருக்கு,

போனில் பேசினால் சண்டையாகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு பெரிய அடுக்குமாடியில் வாட்ச்மேன். வாடகை அறைக்குப் புது நாற்காலி வாங்கியிருக்கிறேன். படுக்கும்போது எங்கே இருந்ததோ, எழும்போதும் அங்கேயே இருக்கிறது. நம் வீட்டில் அப்படி எது இருந்தது? குப்பைக்குப் போகிறதையெல்லாம் தூக்கிவந்து, சரிசெய்து, வீட்டில் கொஞ்சநாள் பழகிப் பார்த்துவிட்டுத்தான் விற்பாய். உன் பழைய சாமான் கடைக்கு அதனால் நல்ல பெயர்தான். ஆனால் அன்றைக்கு நான் பாதி முகம் சவரம் செய்துகொண்டிருந்தபோது, "கண்ணாடியக் கழட்டுங்க, பார்ட்டி வந்தாச்சு" என்றாய். வந்தவர் என் முகத்து நுரையைப் பார்த்துவிட்டு, "இவரும் சேர்த்தா?" என்று கேட்டார். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் அப்போதே மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டேன்.

ஒரே ஒரு பொருளை நமக்கென்று வைத்துக்கொள். வந்துவிடுகிறேன். இங்கே பேச ஆளில்லை. கேட்டைத் திறந்துவிடுகிறேன், காரில் போகிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவசரத்தில் உன் சின்னச் சுத்தியலும் என் பையில் வந்துவிட்டது.

உன்,
அரைச் சவரம்


ஜூன் 19

அன்புள்ள அரைச் சவரத்துக்கு,

சௌக்கியமா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? எழுதினாலும் நான் குறுக்கே பேசிக்கொண்டேதான் படித்தேன்.

இடிக்கிற வீட்டிலிருந்து கதவுகள் வந்தன. மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. ஒரு பக்கத்தை இறக்கிவிட்டு, ஓடிப்போய் மறுபக்கத்தை இறக்கினேன். காரில் வந்த ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதெல்லாம் செத்தவங்க வீட்டுச் சாமானா?" என்றார்.

"இல்லீங்க. உயிரோட இருக்கறவங்க தூக்கிப் போட்டது."

"எதுக்கு?"

"செவுத்துக் கலருக்கு ஒத்துவரலயாம்."

குப்பைமேடு வளர்ந்து இப்போது பள்ளிக்கூடத்துச் சுவரைத் தொட்டுவிட்டது. அதற்குப் பக்கத்தில் குடியிருந்து இருமுகிறவர்களில் தூக்கிப் போட்டவர் ஒருவர்கூட இல்லை.

சரி, நம் விஷயம். ஒரு வட்ட மேஜை வந்தது, இரண்டு நாற்காலிகளோடு. ஆடிய காலைச் சரிசெய்து, 'விற்பனைக்கு இல்லை' என்று சாக்பீஸால் எழுதிவிட்டேன். வந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நான்தான் கறார் ஆயிற்றே. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எதிர் நாற்காலியில் துணி மடித்து வைத்தேன். பிறகு மனசு கேட்காமல் எடுத்துவிட்டேன்.

சுத்தியல் உங்களிடமே இருக்கட்டும். அறையில் ஆணி அடிக்க ஆகும்.

சீக்கிரம் வாருங்கள்.

உங்கள்,
கறார்


ஜூலை 8

அன்புள்ள கறாருக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாதக் கடைசியில் வருகிறேன். லீவு கேட்டதும் குடியிருப்போர் சங்கச் செக்ரட்டரி தலையாட்டிவிட்டார். இங்கே நல்ல பெயர் வாங்கிவிட்டேன்.

எப்படி என்று சொல்கிறேன். குடியிருப்பவர்கள் கழித்துப் போடும் சாமானை எடுக்க வெளியாட்கள் கேட்டருகே வந்து நிற்பார்கள். அது செக்ரட்டரிக்குப் பிடிக்கவில்லை. "ஒடச்சுப் போடுப்பா. அப்பத்தான் ஈ மொய்க்காது" என்றார். முதலில் எனக்கு மனசு வரவில்லை. பிறகு பழகிவிட்டது. உன் சுத்தியல் கைக்கு வாகானது. மரச்சாமானில் மூட்டு எங்கே இருக்கும் என்று நீதான் காட்டிக்கொடுத்திருக்கிறாயே. அங்கே ஒரு தட்டு, முடிந்தது.

போன வாரம் பிள்ளைகள் எழுதுகிற மேஜை ஒன்று. "ஒடைக்காதீங்கண்ணே, எம் பொண்ணு தரையில படுத்துக்கிட்டு எழுதுறா" என்று கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா கெஞ்சினாள். பக்கத்துக் கட்டடத்தில் செங்கல் சுமக்கிறவள். செக்ரட்டரி மேலே பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்யச் சொல்கிறாய்? வேலை என்றால் வேலை. உடைத்துவிட்டேன்.

நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. நம் மேஜையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன்,
அரைச் சவரம்


ஜூலை 15

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை நம் வட்ட மேஜையில் வைத்துத்தான் படித்தேன்.

பால்கனியில் நின்றவர் கையில் சுத்தியல் இல்லை. என்றைக்கும் இருக்காது. அதைப் பிடிக்க நம்மைப் போல ஒருவர் அவருக்குக் கிடைத்துக்கொண்டே இருப்பார். நீங்கள் மாட்டேன் என்றிருந்தால் வேலை போயிருக்கும், அதுவும் தெரியும். அதற்காக உங்களைத் திட்ட மாட்டேன். ஆனால் மூட்டைத் தேடித் தட்டினீர்கள். நான் அதைக் காட்டிக்கொடுத்தது, உடையாமல் கழற்றுவதற்கு.

மேஜையை வண்டியில் ஏற்றிவிட்டேன். உங்கள் கேட்டில் வந்து இறங்கும். கெஞ்சிய அந்த அம்மாவைக் கண்டுபிடித்து, அவளிடம் கொடுங்கள். அவள் வேலை செய்யும் இடம் உங்களுக்குத் தெரியும். மேலே 'விற்பனைக்கு இல்லை' என்று எழுதியதை நான் அழிக்கவில்லை. விலை கேட்டால் அதைக் காட்டுங்கள்.

கூடவே ஒரு நாற்காலியும் வருகிறது. உங்களுக்கென்று வைத்திருந்தது. இன்னொன்றில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து இதை எழுதுகிறேன்.

மாதக் கடைசியில் வர வேண்டாம். சுத்தியலை மட்டும் அதே வண்டியில் கொடுத்தனுப்புங்கள். இங்கே அதற்கு வேலை இருக்கிறது.

கறார்