தம்பையா சார்ஜன் மண்ணைத் தட்டினான்

என் அன்பு மச்சான் வல்லிபுரத்துக்கு,

நீ இருக்கிற இடத்தில் மண் உண்டோ தெரியாது. இருந்தால் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு யாரையாவது விழுத்திக்கொண்டுதான் இருப்பாய். அவனைக் கொஞ்சம் விட்டுவிட்டு இங்கே கேள். உனக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் இருந்து உன் படத்தோடு கதைத்திருக்கலாம். ஊரறியப் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம், இதை வாசிக்க வேண்டிய இன்னொருவன் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

தம்பையாவை ஞாபகம் இருக்கிறதா? எப்படி மறப்பாய், கடைசியாக உன் முதுகில் ஏறி இருந்தவன் அவன்தானே. அன்றைக்கு அவன் பொலிசில் கடைசிப் படியில் நின்ற வெறும் கொஸ்தாப்பு. இன்றைக்குச் சார்ஜன். கையில் பட்டிகள் ஏறிவிட்டன, வயிறும் கூடவே ஏறிவிட்டது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வாசிக்கிறவர்களுக்காக ஒருதரம் சொல்லிவிடுகிறேன். மயிலிட்டிக் கரையில் இரண்டு தோணிக்காரர் கிழிந்த வலை ஒன்றுக்காக அடிபட்டார்கள். நீ விலக்குப் பிடிக்கப் போனாய். அந்த நேரம் பார்த்து வந்த பொலிசுக்காரர் கூட்டத்தில் யார் பெரிய ஆள் என்று பார்த்தார்கள். பெரிய ஆள் நீதான். தம்பையா உன் காலைத் தட்டி, மணலில் முகங்குப்புற விழுத்தி, ஒரு கையைப் பின்னால் முறுக்கிக்கொண்டு பிடரியில் முழங்காலை வைத்தான்.

எங்கள் ஊர் மல்லுக்கட்டுக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிடியில் அகப்பட்டவன் உள்ளங்கையால் மண்ணைத் தட்டினால், தோற்றுவிட்டேன், விடு என்று அர்த்தம். எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டவுடன் விட்டுவிட வேண்டும். விடாதவனோடு பிறகு ஒருவரும் களத்தில் இறங்கமாட்டார்கள். மீசை முளைக்க முன்னமே அந்தக் களத்தில் புரண்ட நீ, பொலிசுக்காரனுக்கும் இது தெரியும் என்று நினைத்துவிட்டாய். கத்தவில்லை, திமிறவில்லை. மண்ணைத் தட்டினாய்.

"கல்லுத் தேடுறான், அமத்துங்கோடா" என்று தம்பையா கத்தினான். தன் பாரம் முழுவதையும் உன்மேல் போட்டான். இன்னொரு கொஸ்தாப்பு பொல்லை என் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்து என்னைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் விடச் சொல்லித் தட்டுகிறான் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? உன் கை தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

மரண விசாரணையில் உனக்கு நெஞ்சு பலவீனம் என்றார்கள். கரைவலையைத் தனியாளாக நின்று இழுக்கிறவனுக்கு நெஞ்சு பலவீனமாம். கையை நிலத்தில் அடித்து முரண்டு பிடித்தான், ஆயுதம் தேடினான் என்று தம்பையா கைகட்டி நின்று சொன்னான். சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். உன் தங்கை பொன்னம்மா வெளியே வந்து, அவன் போகிற திசையைப் பார்த்து மண்ணை அள்ளித் தூற்றினாள். அதோடு அவள் ஆறிவிட்டாள் என்று நினைக்காதே. அவள் உன் தங்கை. அவளைக் கட்டிக் குடும்பம் நடத்துகிற எனக்கல்லவா தெரியும்.

இனி இப்போதைய கதைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக்கு ஒரு புதிய பொலிஸ் துரை வந்திருக்கிறார். சந்தையில் பிடித்த ஒருவனின் கையைக் கொஸ்தாப்பு ஒருவன் பொல்லால் முறித்துவிட, நீதவான் கோட்டில் வைத்துப் பொலிசுக்கு நல்ல ஏச்சுக் கொடுத்தாராம். ஆளை அடிக்காமல், முறிக்காமல் பிடிக்கத் தன் ஆட்களுக்குப் பழக்க வேண்டும் என்று துரை நினைத்தார். மல்லுக்கட்டுத் தெரிந்தவன் யார் என்று விசாரித்திருக்கிறார். ஊர்த் தலைமை பார்க்கிற விதானையார் என்னைக் காட்டிவிட்டார்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே மீன் வெட்டிக்கொண்டிருந்த பொன்னம்மா கத்தியும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"ஓமெண்டு சொல்லுங்கோ" என்றாள். "உவன் தம்பையாவும் அங்கைதானே நிக்கிறான். கோட்டிலை அகப்படாதவன் உங்கடை கையிலை அகப்படட்டும்."

போனேன். பொலிஸ் மைதானத்து நிலம் கட்டாந்தரை. விழுந்தால் எலும்பு போய்விடும், மணல் வேண்டும் என்றேன். எந்த மணலும் சரிவராது, மயிலிட்டி மணல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று மாட்டுவண்டியில் ஏற்றுவித்தேன். மெத்தென்ற மணல் என்று துரைக்குச் சந்தோசம். தம்பையாவின் முகம் நீ விழுந்த அதே மண்ணில் படப்போகிறது என்பது என் சந்தோசம். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

தொழிலில் நான் வஞ்சகம் செய்யவில்லை மச்சான், அதை நம்பு. சப்பாத்தைக் கழற்றினால் நடக்கத் தெரியாத பெடியங்கள் அவர்கள். அவர்களுக்குக் கால் ஊன்றுவதிலிருந்து தொடங்கினேன். மணிக்கட்டையும் முழங்கையையும் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு பெரியவனும் கூடவே நடந்து வருவான் என்று காட்டினேன். விழுத்தினாலும் முதுகில் ஏறாதே, பிடரியில் முழங்கால் வைக்காதே, சரித்துக் கிடத்து, கையைக் கட்டியவுடன் எழுப்பி இருத்து என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்தது. ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். மண்ணைத் தட்டுகிற வழக்கத்தைச் சொல்லவில்லை. நொந்தால் வாயால் சொல்லுங்கள், விடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

தம்பையாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல். உனக்குப் பக்கத்தில் நின்று அப்படிக் கத்தினவனை ஒரு மனிதன் மறப்பானா? அவன் மறந்துவிட்டான். பெடியங்கள் மணலில் புரள, இவன் நிழலில் வாங்குப் பலகை போட்டு இருந்து மேற்பார்வை பார்த்தான். "வாத்தியார், வெயில் ஏறுது, முடிச்சுவிடுங்கோ" என்று எனக்கே உத்தரவு போட்டான். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். பல்லைக் கடித்த கடியில் தாடை நொந்தது.

பிறகு ஒருநாள் துரை பார்க்க வந்தார். மேலே இருக்கிறவர்களும் பழகினால்தான் கீழே இருக்கிறவர்கள் மதிப்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் மூலம் அவருக்குச் சொல்லுவித்தேன். துரை சிரித்துவிட்டுத் தம்பையாவைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

உன்னை அவன் எப்படிப் போட்டானோ அப்படியே போட்டேன். அதே முகங்குப்புற, அதே முறுக்கின கை, பிடரியில் அதே முழங்கால். பெடியங்களுக்குக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும் அவனுக்குச் செய்தேன். வாயால் சொன்னால் விடுவேன் என்பதுதானே பேச்சு. சொல்வதற்கு மூச்சு வேண்டாமா? அவன் வாயில் உன் ஊர் மணல் நிறைந்திருந்தது.

அப்போதுதான் அவனுடைய மற்றக் கை எழும்பியது. உள்ளங்கையால் மண்ணைத் தட்டினான். ஒருவரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை மச்சான். மூச்சு முட்டினவனுக்குக் கை தானாகவே அதைச் செய்கிறது. அந்தச் சத்தம் எனக்கு இனித்தது, ஏன் மறைக்க வேண்டும்? களத்துப் பழக்கத்தில் என் கை பிடியைத் தளர்த்தப் பார்த்தது. நான் அதை மறுபடி இறுக்கினேன். அவன் திரும்பவும் தட்டினான். வாய் மணலுக்கு மேலே வருகிற அளவுக்கு மட்டும் பாரத்தைக் குறைத்தேன்.

"என்ன சார்ஜன் ஐயா, கல்லுத் தேடுறியளோ?" என்று கேட்டேன்.

அவன் மணலைத் துப்பினான். "மூச்சு விட ஏலாமக் கிடக்கு. விடச் சொல்லித்தான் தட்டினனான்."

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

சொன்னான். பெடியங்கள் கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் அதைத் துரைக்கு இங்கிலிசில் சொன்னார். நான் எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு, "மயிலிட்டி வல்லிபுரமும் அதுக்குத்தான் தட்டினவன்" என்றேன். "நான் அவன்ரை மச்சான்."

தம்பையா எழும்பவில்லை. மணலிலேயே இருந்து என்னைப் பார்த்தான். இப்போது அடையாளம் தெரிந்தது. துரை ஏதோ கேட்டார், இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டு நீளமாகச் சொன்னார். துரை அதைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். விசாரணையைத் திரும்பத் திறப்பார்கள் என்று நீ எதிர்பார்க்காதே. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஓர் உத்தரவு வந்தது. பிடிபட்டவன் கையால் நிலத்தைத் தட்டினால் உடனே பாரத்தை எடுக்க வேண்டும், ஒவ்வொரு கொஸ்தாப்புக்கும் இதைக் காட்டிப் பழக்க வேண்டும். காட்டுவதற்கு ஓர் ஆள் கீழே கிடக்க வேண்டுமல்லவா? யாரைக் கிடத்துவது என்பது வாத்தியாரின் விருப்பம்.

வெள்ளிக்கிழமை தோறும் பழக்கம் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் தம்பையாவைத்தான் கூப்பிடுகிறேன். அவன் வந்து கிடக்கிறான், தட்டுகிறான், ஏன் தட்டினேன் என்று தன் பெடியங்களுக்கு முன்னால் தன் வாயால் சொல்கிறான்.

பொன்னம்மாவுக்கு இது போதவில்லை. "தட்டின உடனை ஏன் விடுறியள்? அவன் விட்டவனோ?" என்று கேட்டாள். செத்தவன் ஒருதரம்தான் சாவான், இவன் ஒவ்வொரு கிழமையும் வந்து சொல்லட்டும் என்றேன். அவள் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள்.

"அப்ப எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ" என்றாள்.

நீயாக இருந்தால் அன்றைக்கு முதல் தட்டிலேயே விட்டிருப்பாய். பிறகு கைகொடுத்துத் தூக்கியும் விட்டிருப்பாய். உன் நல்ல குணத்தை நீ உன்னோடேயே கொண்டுபோய்விட்டாய் மச்சான், எனக்கு ஒரு சொட்டும் மிச்சம் வைக்கவில்லை. என்னில் உனக்குக் கோபமா?

வருகிற வெள்ளிக்கிழமை பொன்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மைதானத்து வேலியோரம் நிறுத்தப் போகிறேன். சார்ஜனும் இதை வாசித்திருப்பான். சுகமில்லை என்று சொல்லி வராமல் நின்றால், ஏன் நின்றான் என்று இதை வாசித்த எல்லாருக்கும் தெரியும். ஆகவே வருவான். வந்து கிடப்பான், தட்டுவான். நான் அவன் கையைப் பார்க்கமாட்டேன், உன் தங்கையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் தலையை அசைத்த பிறகுதான் முழங்காலை எடுப்பேன். அசைப்பாளோ, எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அசைக்கும்வரை எடுக்கமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் தங்கையைக் கைப்பிடித்தவன்,
உன் மச்சான் செல்லத்துரை