'ஆனால்' வரைக்கும்

நவம்பர் 12, இரவு

ஏரி நிரம்பினால் கீழ் வீட்டில் தண்ணீர் புகும். அதனால் மழைக்காலம் வந்தால் அங்கே குடியிருக்கும் பஷீர் பாய் தன் ஃபிரிட்ஜை எங்கள் மாடியில் வைத்துவிடுவார். இந்த முறை மழைக்காலம் முடியும் முன்பே, இன்றே திரும்ப எடுக்க வந்துவிட்டார்.

"டிவில பார்த்தேன் மேடம். க்ளைமேட் மாறுதுன்றது சும்மா பீதின்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனி இன்னா பயம்?"

மழையை ஆராய்வதுதான் என் வேலை. "இந்த ஒரு மழைக்கு பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று இப்போதே சொல்ல முடியாது. ஆனால் இதுபோன்ற பெருமழை இனி அடிக்கடி வரும்" என்றுதான் பேசினேன். 'ஆனால்' வரைக்கும் மட்டும் டிவியில் போட்டிருக்கிறார்கள். சேனலுக்கு போன் செய்தால், "டைம் இல்ல மேடம்."

"பாதியை வெட்டிட்டாங்க பாய்" என்றேன்.

"பேசினது நீங்கதானே மேடம்?" என்று சிரித்தார்.

படியில் தனியாகத் திணறினார். நானே ஒரு பக்கம் பிடித்து இறக்கிக் கொடுத்தேன்.