திருப்பிச் சொன்ன வாய்

அன்பு மகள் கஜிஸ்தாவுக்கு, ஜெனசீ ஆற்றங்கரையிலிருந்து உன் அப்பன் சொல்லச் சொல்ல மிஷன் வாத்தியார் எழுதுவது. இங்கே அம்மா, தம்பிகள், நாய் உட்பட எல்லோரும் சுகம், என் மானத்தைத் தவிர. ஃபிலடெல்ஃபியா பள்ளிக்கூடத்தில் நீ சுகம்தானே. உன் பெரியம்மா மூன்றாவது புருஷனின் மூட்டையையும் தூக்கி வாசலில் வைத்து அவனையும் விலக்கிவிட்டாள், என் மூட்டை இன்னும் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் அம்மா அதைத் தினமும் ஒரு முழம் கதவுப் பக்கம் நகர்த்துகிறாள். காரணம் கேள். இலை உதிரும் மாதத்தில் பதின்மூன்று நெருப்புகள் என்று நாம் சொல்லும் வெள்ளைக்காரர் அரசின் அதிகாரி வந்து ஆற்றங்கரைச் சோளக்கொல்லைகளைக் கேட்டார். கொல்லை பெண்களுடையது, அவர்கள் என்னைப் பேச அனுப்பினார்கள். நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, கேட்ட பேச்சைச் சிந்தாமல் திருப்பிச் சொல்வோம், காதில் விழுந்தது என்று காட்ட, பதில் மறுநாள்தான். நானோ வித்தைக்காரன், 'ஆற்றங்கரை நிலம் முழுவதும் இனி பதின்மூன்று நெருப்புகளுக்கு' என்று அவர் இருமலையும் சேர்த்தே சொன்னேன். சனம் சிரித்தது, எழுத்தர் எழுதினார். கேட்டதற்கு அடையாளமாக எழுதுகிற இறகைத் தொடு என்றார்கள், தொட்டேன். மறுநாள் 'தரமாட்டோம்' என்று சொல்ல பேச்சுக்குச் சாட்சியாகக் கொடுக்கும் மணிப்பட்டையோடு போனால் கூடாரம் இல்லை, சாம்பல்தான் கிடந்தது. இப்போது கொல்லையைச் சங்கிலி பிடித்து அளந்து முளை அடிக்கிறார்கள்.

அதிகாரியை விடு, அவர் அந்நியர். மொழிபெயர்த்தது உன் ஜேபெஸ் மாமன். வெள்ளைக்காரனாக வந்து பன்னிரண்டு வருஷம் நம் சட்டியில் தின்றவன், அம்மா தன் குலத்தில் தம்பியாகச் சேர்த்துக்கொண்டவன், உன்னை முதுகில் சுமந்தவன். திருப்பிச் சொல்வது சம்மதம் ஆகாது என்று அவனுக்குத் தெரியாதா? போய்க் கேட்டேன். "அத்தான், நீங்க சொன்னதத்தான் நான் சொன்னேன், ஒரு சொல்லு கூட்டலையே" என்றான், கஞ்சியிலிருந்து தலை நிமிராமல். மொழிபெயர்த்த கூலியாக அந்தக் கொல்லையில் அவனுக்கும் ஒரு மூலை உண்டாம். அம்மா அழவில்லை. "கேட்டுட்டு வரத்தானே அனுப்புனோம், குடுத்துட்டு வந்துட்டீங்களே" என்றாள், அவ்வளவுதான். அவளுக்குப் பின் அது உன் கொல்லை. விதைச் சோளத்தை ஊறவைத்துவிட்டாள், எங்கே விதைப்பது என்று நான் கேட்கவில்லை.

எழுத்தர் எழுதிய அந்தத் தாள் நீ இருக்கும் ஊரில்தான் இருக்கிறதாம். பள்ளிக்கூடத்து அம்மாவோடு போய் உன் கண்ணால் படி, பட்டை கைமாறாத பேச்சு எங்களுக்குப் பேச்சே இல்லை என்று சொல். அவர்கள் சொல்வதை மட்டும் திருப்பிச் சொல்லாதே, தலையைக்கூட ஆட்டாதே. அப்பன் வித்தை அப்பனோடு போகட்டும். மேப்பிள் சர்க்கரை அனுப்பியிருக்கிறேன், பங்கிட்டுத் தின். சோளத்தைப் பற்றிப் படர்ந்த அவரைக்கொடி போல நன்றாக இரு.

வாத்தியார் எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிட்டு, தொடு என்று இறகை நீட்டினார். என் கை எழவில்லை. அம்மா வாங்கித் தன் குலத்து ஆமையை வரைந்தாள்.

இப்படிக்கு,
அம்மாவின் ஆமையும், அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உன் அப்பனும்.