வேப்பம்பூ முடியும்வரை

இன்று காலை மொட்டை மாடிக்குப் போனால் தரையெல்லாம் வேப்பம்பூ. துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு அந்த வாசனையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கீழ்வீட்டிலிருந்து நீ பூ சேர்க்கப் பழைய புடவையோடு படியேறி வருவாய் என்று காது தன்பாட்டுக்குக் காத்திருந்தது. வரமாட்டாய், தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

சேலையூரில் நம் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில் எனக்குப் பித்துப் பிடித்திருந்ததே, நினைவிருக்கிறதா? வலைப்பூ ஒன்று தொடங்கி அதில் தொடர்கதை எழுதினேன். திருச்சியில் கிடைத்த வேலைக்குப் போகத் தாம்பரம் ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்கிறாள் ஒரு பெண். ரயில் வந்து நிற்கிறது. அத்தோடு 'தொடரும்' போட்டவள்தான், அப்புறம் மாதக்கணக்கில் ஒரு வரி எழுதவில்லை. யார் வலைப்பூவில் யார் யாரைத் திட்டினார்கள், என் பக்கத்துக்கு எத்தனை பின்னூட்டம் வந்தது என்று பார்க்கவே பொழுது போதவில்லை. சாம்பார் அடிப்பிடித்தால்கூட மூக்குக்கு எட்டாது.

இதில் பெயர் போடாத அனானி ஒன்று வேறு. நான் எதை எழுதினாலும் அடியில் வந்து, 'அந்தப் பொண்ணு ரயில் ஏறினாளா இல்லையா?' என்று அதே கேள்வி. நக்கல் செய்கிறான் என்று நானும் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டேன். உன்னிடம் வந்து புலம்பினேன். புளி கரைத்துக்கொண்டே கேட்ட நீ, கையைத் துடைத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்து மோடத்தைக் கழற்றி முந்தானையில் சுற்றிக்கொண்டாய்.

"வேப்பம்பூ முடியறவரைக்கும் இது என் வீட்லயே இருக்கட்டும்டி. நீ போய் அந்தப் பொண்ணைப் பாரு."

முதல் சில நாள் கை பரபரத்தது. ஒரே ஒரு மெயில் என்று உன் வாசலில் வந்து கெஞ்சினேன். மோர் கொடுத்து அனுப்பிவிட்டாய். வேறு வழியில்லாமல் மாடி நிழலில் பாயைப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்துப் புங்கமரம் பங்குனியில் தளதளவென்று துளிர்ப்பதை அந்த வருஷம்தான் பார்த்தேன். நீ புடவையை விரித்து வேப்பங்கிளையை உலுக்குவாய், நான் எழுதுவேன். பேச்சே இருக்காது. அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன் நான் இருந்ததில்லை.

வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் கதை முடிந்தது. காகிதங்களைத் தயங்கித் தயங்கித்தான் உன்னிடம் நீட்டினேன். அது உன் கதையாயிற்றே. கல்யாணத்துக்கு முன் வேலைக்கென்று கிளம்பி, அப்பாவின் முகத்தை நினைத்துக்கொண்டு பிளாட்பாரத்திலிருந்தே திரும்பி வந்ததை எப்போதோ சமையல் பேச்சுக்கு நடுவே சொல்லியிருந்தாய். அதைத்தான் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். நீதான் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டாயே.

நின்றபடியே கடைசிப் பக்கம்வரை படித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய்.

"ரயில்ல ஏத்தி விட்டுட்டியே. அனானிக்கு இது போதும்டி."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உன் பிள்ளை ஆபீஸ் போனதும் அவன் கம்ப்யூட்டரில் எழுத்து எழுத்தாகத் தட்டிக் கேட்டது நீதானா! நான் போட்ட சண்டையெல்லாம் உன்னோடுதானா! இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். மோடத்தை எடுத்து வந்தாய். இன்னும் கொஞ்ச நாள் உன்னிடமே இருக்கட்டும் என்றேன்.

நீ போன பிறகும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், சந்தோஷமாகவே. ஒன்று மட்டும் மாறிவிட்டது. கதைக்குள் கூட்டி வந்த எவளையும் பாதி வழியில் நிற்க விட்டுவிட்டு எழுந்து போக எனக்கு மனசு வருவதில்லை. அவள் நீயாக இருந்துவிட்டால்?