சிவப்பு நூல் கட்டிய சுருட்டுகள்

என் சவுரிக்கு, எங்கள் வீட்டுக் கடைக்குட்டிக்கு, அக்கா எழுதுவது.

உன் மகள் ரீட்டா மீஞ்சூரிலிருந்து பதினொரு மணி பஸ்ஸில் வருகிறாள். இப்போது ஒன்பது இருக்கும். அவளுடைய பழைய நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆறாவதோடு நின்றவளின் எழுத்து, பார்த்துச் சிரிக்காதே. முதலில் உன்னிடம் சொல்லிவிட்டால் அவளிடம் சொல்ல வாய் வரும் என்று ஒரு நம்பிக்கை.

நாளைக்கு உனக்கு வருஷப் பூசை. கோயிலில் உன் பேரை எழுதிக் கொடுத்தவள் நான்தான். உன் மகள் வரமாட்டேன் என்கிறாள். போன வாரம் கூப்பிட்டதற்கு, "மாதா முன்னாடி சத்தியம் பண்ணிட்டு, குடிச்சிட்டு செத்தவருக்கு நான் இன்னாத்துக்கு அத்தே மண்டி போடணும்?" என்று கேட்டாள். உன் படத்தைச் சுவரிலிருந்து அவள் கழற்றி எட்டு மாசம் ஆகிறது. பீரோவுக்கு மேலே குப்புறக் கிடக்கிறாய்.

நீ குடிக்கவில்லை. இந்த ஊரில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

மோசே அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துப் படகில் இருந்து அவர் பார்த்ததைத்தான் சொன்னார். நீ தள்ளாடினாய், படகு ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாய், அப்படியே தலைகுப்புற விழுந்தாய். அவர் கழியை ஊன்றி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கரையில் உன்னைக் கிடத்தியபோது ஒருத்தர் மாற்றி ஒருத்தர் ஒரே பேச்சுதான். "இடுப்பளவு தண்ணிடா. நம்ம ஆளு இதுல மூழ்குவானா? மப்புல இருந்திருக்கான், வேற இன்னா?"

அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து இந்த ஏரியில் கிடந்தவன் இடுப்பளவு தண்ணீரில் சாவானா? முன்பு நீ குடித்த குடியை ஊரே பார்த்திருக்கிறது. உன் பெண்டாட்டி காய்ச்சலில் போன பிறகு நீ எங்கெங்கே விழுந்து கிடந்தாய் என்று ஆளாளுக்கு இடம் காட்டுவார்கள். ரீட்டா பள்ளிக்கூடம் போகிற வழியில் உன்னைத் தாண்டிப் போன நாளும் உண்டு. அதற்கப்புறம்தான் அவளையே கையில் பிடித்துக்கொண்டு போய் மாதா கெபியில் சத்தியம் பண்ணினாய். மூன்று வருஷம் ஒரு சொட்டுத் தொடவில்லை. அந்த மூன்று வருஷத்தை ஒரே காலையில் ஊர் அழித்துவிட்டது. நானும் கூட நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். தள்ளிப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

குடியை விட்ட உனக்கு மிச்சம் இருந்தது சுருட்டு ஒன்றுதான். அதையும் கடையில் வாங்க விடமாட்டேன், நானே சுற்றித் தருவேன். எனக்கு ஒரு கணக்கு, உனக்கு ஒரு கணக்கு. நான் தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். இரண்டு கையும் சேற்றுக்குள், இடுப்பில் கூடை, மேலே தண்ணீர் தெறிக்கும். அதனால் சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துத்தான் குடிப்பேன், அணையாது. அதற்குப் புகையிலை கெட்டியாக, மெதுவாக எரிய வேண்டும். நிழலில் கட்டித் தொங்கவிட்டுக் காற்றிலேயே காயவைத்த கருப்பிலைதான் அதற்குச் சரி. வேறு எதையும் கலக்க மாட்டேன்.

உனக்கு அது ஆகாது. மீசையை முறுக்கிக்கொண்டு பெரிய சுருட்டுக்காரன் மாதிரி உட்காருவாய், உள்ளுக்குள் பச்சைப் பிள்ளை. முதல் தடவை என்னுடையதைப் பிடுங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, வேலிப் பக்கம் போய் வாந்தி எடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றிலிருந்து உனக்கு மூன்று பிடி காரம் குறைந்த மஞ்சள் இலை, ஒரு பிடி கருப்பு. கருப்பையும் அப்படியே போட மாட்டேன். வெல்லத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி, ஒரு மாசம் வைத்து, அந்த மூக்கைத் துளைக்கிற வாடை போன பிறகுதான் உனக்கு. வெட்டியதில் மிஞ்சுகிற தூளைத் தாளில் சுருட்டிச் சிகரெட்டாகவும் தருவேன். அதைக் காதில் சொருகிக்கொண்டு கோயிலுக்கே வந்து சாமியாரிடம் திட்டு வாங்கியவன் நீ.

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், மேலே சுற்றுகிற இலை ஒன்றுதானே. அதனால்தான் நூல். என் கட்டுக்கு வெள்ளை நூல், உன் கட்டுக்குச் சிவப்பு நூல். கதவுக்குப் பக்கத்துப் பலகையில் இரண்டும் இருக்கும். விடியற்காலையில் நீ வந்து உன் கட்டை எடுத்துக்கொண்டு போவாய். என்னை எழுப்பக்கூட மாட்டாய்.

அந்த வாரம் மஞ்சள் இலை தீர்ந்துபோயிருந்தது. எளாவூர்ப் பக்கமிருந்து இலை கொண்டுவருகிறவர் புதுக் கருப்பு மட்டும்தான் வைத்திருந்தார். வாங்கி மூன்று நாள்கூட ஆகாத இலை, வாடை குடலைப் பிடுங்கியது. எனக்குத்தானே என்று அதில் ஐந்தாறு சுருட்டுச் சுற்றினேன். கட்டப் போனால் வெள்ளை நூல் இல்லை. கையில் இருந்த சிவப்பு நூலால் கட்டிப் பலகையில் வைத்துவிட்டேன். காலையில் உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தூங்கிவிட்டேன் சவுரி. அவ்வளவுதான் நடந்தது. எழுதினால் இரண்டு வரிகூட வரவில்லை.

அன்றைக்குத் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. நீ ஒருசந்தி. முந்தின ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் உன் வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. வெறும் வயிற்றில் அந்த இலை இறங்கினால் என்ன ஆகும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? காது அடைக்கும். குப்பென்று வேர்க்கும். குடலைப் புரட்டும். கால் தன் கால் மாதிரி இருக்காது. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் குடித்தவன் மாதிரிதான் தெரியும்.

எல்லாரும் உன்னைச் சுற்றி நின்று அழுதபோது நான் உன் படகுக்குப் போனேன். உன் துண்டை எடுக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தார்கள். படகில் நீ உட்காருகிற பலகைக்குக் கீழே பாதி குடித்த சுருட்டு ஒன்று அணைந்து கிடந்தது. பக்கத்தில் சிவப்பு நூல் கட்டு, அதில் ஒன்று குறைந்திருந்தால் பரவாயில்லை, இரண்டு குறைந்திருந்தது. சிவப்பு நூலை நம்பி, பசியை மறக்க ஒன்றை முடித்து அடுத்ததையும் பற்றவைத்திருக்கிறாய். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே முழுக்கக் கருப்பு. மடியில் கட்டிக்கொண்டேன்.

போலீஸ்காரர்கள் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று முதலில் கத்தியவள் யார் தெரியுமா? நான்தான். "எங்க தம்பிய கூறு போடாதீங்க" என்று வந்தவர்கள் காலில் விழுந்தேன். ஊரும் என்னோடு சேர்ந்து கெஞ்சியது, விட்டுவிட்டார்கள். பார்த்திருந்தால் உன் வயிற்றில் சாராயம் இல்லை என்று தெரிந்திருக்கும். பாசத்தில் அழுதேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாசமும் இருந்தது. பயம் அதைவிட அதிகம் இருந்தது.

அப்புறம் ஏன் சொல்லவில்லை? ரீட்டாவுக்காகத்தான். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து உன் மகள் வாராவாரம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "அத்தே, ஆ காட்டு" என்பாள். செல்போன் வெளிச்சத்தை என் வாய்க்குள் அடித்து மேல் அண்ணத்தைப் பார்ப்பாள். நெருப்பு வைத்து வைத்து அங்கே வெள்ளையாகத் தடித்திருக்கிறது. "விடு அத்தே இத, உனக்கு கோடி புண்ணியம்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். இந்த உலகத்தில் என் வாய்க்குள் எட்டிப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்? அவளையும் இழந்துவிட்டு நான் என்ன செய்வேன் என்று பயந்தேன். என் பயத்துக்கு உன் பேரைத் தின்னக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் இந்த இலையைத் தொடவே இல்லை என்று எழுதினால் அது பொய். அடுத்த வாரமே சுற்றினேன். சிவப்பு நூலை மட்டும் வாங்குவதே இல்லை.

பஸ் ஹாரன் கேட்கிறது. வைக்கிறேன்.

*

மணி மூன்று. மறுபடியும் எழுதுகிறேன்.

உள்ளே வந்ததும் வழக்கம்போலச் செல்போனை எடுத்தாள். "ஆ காட்டு" என்றாள்.

"அப்பறம் காட்றேன். மொதல்ல குந்து. ஒண்ணு சொல்லணும்."

அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்து அவள் மடியில் வைத்தேன். திறந்தாள். சிவப்பு நூலைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டியது.

"இது நைனாது. இத எதுக்கு வச்சிக்கினு கீற?"

"உங்க நைனாது இல்ல. என்னுது. கிள்ளிப் பாரு."

காய்ந்துபோயிருந்தது, தொட்டதும் பொடிந்தது. உள்ளே ஒரு மஞ்சள் துணுக்குக்கூட இல்லை. உன் சுருட்டில் எந்த இலை எவ்வளவு கலந்திருக்கும் என்று பார்த்து வளர்ந்தவள் அவள், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். இலை, நூல், பலகை, என் தூக்கம், படகில் கிடந்த பாதி, ஒன்றும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "எத்தினி புடிச்சிருப்பாரு?"

"ஒண்ணு முழுசா. ரெண்டாவது பாதி."

"வெறும் வயித்துல?"

"ஒருசந்திடி."

டின்னுக்குள் பொடிந்து கிடந்த இலையை விரலால் கிளறினாள். "அப்போ நைனா குடிக்கல."

"குடிக்கல."

"சத்தியத்த காப்பாத்திட்டுதான் போனாரு."

"ஆமாண்டி."

அப்போது அவள் முகத்தில் வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும் சவுரி. ஒரு வருஷமாக அந்த முகம் அப்படி இல்லை. அது ஒரு நிமிஷம்தான் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்போ தெரியும் அத்தே?"

பொய் சொல்லலாம். நேற்றுத்தான் டின்னைப் பார்த்தேன் என்று சொல்லலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அன்னிக்கே தெரியும்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஒரு வருசமா நான் அவர வாய்க்கு வந்தபடி திட்டினு கீறேன். நீ பக்கத்துல குந்திக்கினு கேட்டுக்கினு இருந்த" என்றாள்.

டின்னை மூடிக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கிற உங்கள் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. நான் போய் உங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். பழைய இடத்திலேயே உன் படத்தை மாட்டிவிட்டுத் தாவணி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் உள்ளே போகவில்லை.

பிறகு அவளே இங்கே வந்தாள். படியேறவில்லை, வெளியிலேயே நின்றாள்.

"நாளிக்கி நான் பூசைக்கி வரேன். பூசை முடிஞ்சதும் சாமியார்கிட்ட கேட்டுக்கினு நீ எழுந்து சொல்லு. எங்கிட்ட சொன்னா மாதிரியே, எல்லாரு முன்னாடியும். மோசே பெரிப்பா அங்க இருக்கணும்."

"சொல்றேன். சொல்லிட்டா நீ..."

"மொதல்ல சொல்லு அத்தே."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். வந்ததிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட இங்கே குடிக்கவில்லை. என் வாயையும் பார்க்கவில்லை. நான் மடச்சி மாதிரி வாசலில் நின்று, யாரும் இல்லாத தெருவைப் பார்த்து வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

இப்போது உங்கள் வீட்டில் ஆள் நடமாடுகிற சத்தம் கேட்கிறது. உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள் போல. என்ன சொல்கிறாள்? திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறாளா? கேட்டால் உடனே கொடுத்துவிடு, பிள்ளையை அழ விடாதே. நான் உன்னிடம் கேட்கப் போவதில்லை. நாளைக்குச் சொல்லி முடிக்கிற வரைக்கும் எனக்கு அந்த வாய் கிடையாது.

இதோ சொல்கிறேன் கேள். நாளைக்குப் பூசையில் உன் பேரை வாசிப்பார்கள். முடிந்ததும் எழுந்து நிற்பேன். இந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தம்பி குடிக்கல, நான் சுத்தின சுருட்டு, நான் கட்டின நூலு" என்று மோசே அண்ணன் காதில் விழுகிற மாதிரி சொல்வேன். ஊர் என்னை எப்படிப் பார்த்தாலும் தலையைக் குனிய மாட்டேன். அதற்கப்புறம் உன் மகள் வந்து "ஆ காட்டு" என்று கேட்பாளா, மாட்டாளா, அது அவள் இஷ்டம். கேட்காமலே போனாலும் நான் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்ததும், அந்த நூலைக் கட்டியதும் இதே கையால்தான்,
உன் அக்கா,
பிலோமினா