கையுறை மாற்றாத மாஸ்டர்

14 ஆகஸ்ட் 2016, ஞாயிறு

டவுன்ஷிப் கல்யாண மண்டபத்தில் இன்று டாட்டூ போடுபவர்களுக்குப் பயிற்சி. சென்னையிலிருந்து வந்த மாஸ்டர் ஒரு மணி நேரம் கையுறையைப் பற்றியே பிரசங்கம் செய்தார். "வேற எதைத் தொட்டாலும் கிளவுஸ மாத்துங்க" என்று மூன்று முறை சொன்னார். நாங்களும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி எழுதிக்கொண்டோம்.

செய்து காட்ட ஒரு கை வேண்டும் என்றார்கள். தங்கை புருஷன் அருளை நான்தான் அழைத்துப் போயிருந்தேன். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவன், மகள் பெயரை எழுதச் சொல்லிக் கையை நீட்டினான்.

பாதிப் பெயரில் மாஸ்டருக்கு போன் வந்தது. கையுறையோடு எடுத்துப் பேசினார், தாடியைச் சொறிந்தார். பிறகு அதே கையால் ரத்தம் கசிந்த தோலைத் துடைத்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்தார். எதிரே இருபது பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தூ, இதுகளெல்லாம் கலைஞர்களாம்!

அருள்தான் என் காதோரம் கேட்டான்: "மச்சான், கிளவுஸ மாத்தாமயே போட்டுகினு இருக்காரே, ஒண்ணும் ஆவாதா?"

"சும்மா இரு மாப்ள, அவருக்குத் தெரியாததா?" என்றேன்.

சாயங்காலம் அந்த ஆளிடமே குனிந்து சான்றிதழ் வாங்கினேன். போட்டோவுக்குச் சிரிப்பு வேறு.

சற்றுமுன் தங்கை போன் செய்தாள். அருளுக்குக் கை காந்துகிறதாம். "என்னண்ணா பண்றது?" என்றாள். புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நோட்டைத் திறந்து பார்க்கிறேன். கையுறையை மாற்றவும், கையுறையை மாற்றவும், கையுறையை மாற்றவும். என்ன அழகான கையெழுத்து எனக்கு.